குனியாதே என்றால் கூலி யார் தருவது?

முதுகு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் உழைப்பாளிக்குக் கிடைக்கும் புத்திமதி பெரும்பாலும் மூன்று வாக்கியந்தான். குனியாதே. பாரம் தூக்காதே. கொஞ்ச நாள் ஓய்வெடு.

கேட்பதற்கு நல்ல புத்திமதிதான். ஆனால் கேட்டுக்கொண்டு நிற்பவர் யார்? தோவாளைத் தாலுகாவில் சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண். அவர் குனியாமல் நடவு நடக்குமா? வடசேரிச் சந்தையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் தொழிலாளி. அவர் பாரம் தூக்காவிட்டால் அன்று வீட்டில் அடுப்பு எரியுமா? அண்டி ஆபீசில் காலை முதல் மாலை வரை குந்தியிருந்து முந்திரிக்கொட்டை உடைக்கும் சகோதரி. ஆரல்வாய்மொழிப் பக்கத்து நூற்பாலையில் ஷிப்டு முழுவதும் நின்றும் நடந்தும் அறுந்த இழையை எட்டிப் பிடித்து ஒட்டும் தொழிலாளி. இவர்களில் யாருக்குச் சம்பளத்தோடு ஓய்வு கிடைக்கிறது?

ஆக, சீட்டில் எழுதிய மருந்தை வாங்க முடிகிறது. சீட்டில் எழுதிய வாழ்க்கையை வாங்க முடிவதில்லை. குறை எங்கே இருக்கிறது? அந்தச் சீட்டு ஒரே ஒருவர் பெயருக்கு எழுதப்படுகிறது. அதில் பாதி நோயாளிக்கு உரியது. மறு பாதி, அவரைக் குனிய வைத்தும் தூக்க வைத்தும் வேலை வாங்குகிறவருக்கும், சட்டம் போடுகிற சர்க்காருக்கும் எழுதப்பட வேண்டியது. இதுவே நாம் சொல்ல வருவது.

முதுகுக்குள் நடப்பது என்ன?

முதுகெலும்பு ஒரே தண்டு அல்ல. 33 எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தூண் அது. அடியில் உள்ளவை ஒட்டிப்போனவை. மேலே அசையும் எலும்புகளுக்கு இடையில் மெத்தை போல 23 டிஸ்குகள் உண்டு. ஒவ்வொரு டிஸ்கிலும் வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே பசை போன்ற பொருள். இளம் வயதில் அந்தப் பசையில் ஏறக்குறைய 80 சதவிகிதம் நீர்தான்.

வளர்ந்தவர்களின் டிஸ்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது என்றே சொல்லலாம். பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வரும் சத்தே அதற்கு ஆகாரம். நாம் அசையும்போது டிஸ்க் அமுங்கி விரிகிறது. அந்த அசைவில் அதன் ஆகாரமும் நடக்கிறது. பகல் முழுவதும் உடலின் பாரத்தில் அது நீரை இழக்கிறது. ராத்திரி படுக்கையில் மறுபடி ஊறுகிறது. காலையில் நாம் எல்லோரும் மாலையில் இருப்பதைவிடச் சற்று உயரமாக இருப்பது இதனால்தான்.

வயது ஏற ஏற நீர்ப்பிடிப்பு குறைகிறது. டிஸ்க் உயரம் குறைந்து தட்டையாகிறது. இதைத்தான் ‘டிஸ்க் தேய்மானம்’ என்கிறார்கள். நார் வளையத்தில் வெடிப்பு விழுந்து உள்ளிருக்கும் பசை பிதுங்கினால், அது பக்கத்திலுள்ள நரம்பை உறுத்தும். அப்போது வலி இடுப்போடு நில்லாமல் பிட்டம், தொடை, கெண்டைக்கால், பாதம் என்று மின்சாரம் பாய்ந்தாற்போல இறங்கும்.

சுவீடன் நாட்டு டாக்டர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் உயிரோடுள்ள மனிதரின் டிஸ்குக்குள் ஊசி செலுத்தி, எந்த நிலையில் எவ்வளவு அழுத்தம் என்று அளந்தார். நேராக நிற்கையில் அழுத்தம் 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுக்கையில் 25. முன்னால் சாய்ந்தால் 150. சாய்ந்த நிலையில் கையில் பாரமும் இருந்தால் 220. பொழுதெல்லாம் குனிந்து நடவு நடுகிறவர்களும், சாய்ந்து மூட்டை எடுக்கிறவர்களும் வேலை செய்வது எந்தக் கணக்கில் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்கேன் தீர்ப்பு அல்ல

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தேய்மானம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பாதி உயிர் போய்விடுகிறது. ‘இனி நான் வேலைக்கு ஆகமாட்டேன்’ என்று நாற்பது வயதில் முடங்கிவிடுகிறவர்கள் உண்டு. அது தேவையில்லை.

முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015ல் ஒரு கணக்கு வெளிவந்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதுக்காரர்களில் 96 சதவிகிதம். இவர்கள் எல்லாம் வலி இல்லாதவர்கள்! தலை நரைப்பது போல டிஸ்கும் மாறுகிறது. அந்த மாற்றம் உள்ள எல்லோருக்கும் வலி வருவதில்லை. பிதுங்கிய டிஸ்கும் கத்தி வைக்காமலேயே சில வாரம், சில மாதங்களில் சுருங்கி வலி தணிவதுதான் அதிகம்.

இன்னொன்று. பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடந்த ஆராய்ச்சிகள், டிஸ்க் தேய்வதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்று காட்டியிருக்கின்றன. ஆகவே, முதுகு வலி முழுவதும் வேலையால் வந்தது என்று நாம் வாதாடவில்லை.

ஆனால் இதையே பிடித்துக்கொண்டு, ‘வயசானால் தேயத்தான் செய்யும், அதற்கு ஆலை என்ன செய்யும்?’ என்று நிர்வாகம் கைகழுவ வந்தால், அதற்கும் பதில் இருக்கிறது. தினமும் பாரம் தூக்குவதும் குனிந்து திரும்புவதும் முதுகு வலியைக் கொண்டு வரும், வந்த வலியை நீட்டிக்கும் என்பது வைத்திய உலகம் ஒப்புக்கொண்ட சங்கதி. ஒரே மாதிரி தேய்ந்த டிஸ்க் ஒரு குமாஸ்தாவுக்கும் இருக்கலாம், ஒரு கூலிப் பெண்ணுக்கும் இருக்கலாம். குமாஸ்தா நாற்காலியைச் சற்று மாற்றிப் போட்டுக்கொண்டு சம்பளம் வாங்குகிறார். கூலிப் பெண்ணுக்கோ வேலையே போகிறது. நோய் ஒன்றாக இருக்கையில் நஷ்டம் இரண்டாக இருப்பது உடம்பு செய்த வேலை அல்ல, வேலைமுறை செய்த வேலை.

ஜெர்மனி 1993 முதல் இதைச் சட்டத்திலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பல வருஷம் கனத்த பாரம் தூக்கியதாலோ, உடலை மிகக் குனிந்து வேலை செய்ததாலோ இடுப்பு டிஸ்க் கெட்டால், அதைத் தொழில் நோய் என்று பதிவு செய்யும் வழி அங்கே உண்டு. நிரூபிக்க நிபந்தனைகள் பல இருந்தாலும், பட்டியலில் இடம் இருக்கிறது.

ஒரு கொத்தின் கதை

‘வயல் வேலை என்றால் குனிந்துதான் ஆக வேண்டும், அது ஆதிகாலத்து வழக்கம்’ என்பார்கள். இதே பேச்சு அமெரிக்காவிலும் கேட்டது.

கலிபோர்னியா மாகாணத்தில் கீரை, பீட்ரூட் தோட்டங்களில் களை கொத்தவும் பயிர் கலைக்கவும் ஒரு குட்டைக் கொத்து இருந்தது. பிடியின் நீளம் ஏறத்தாழ ஓர் அடிதான். இடுப்பை இரண்டாக மடித்தால்தான் அதைக் கொண்டு வேலை செய்ய முடியும். மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர் அதற்கு ‘எல் கோர்டிட்டோ’, அதாவது ‘குட்டையன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நீண்ட பிடி போட்டால் பயிர் கெட்டுப்போகும் என்றார்கள் தோட்டக்காரர்கள். மேஸ்திரிக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்!

தொழிலாளர் 1972ல் தொழிற் பாதுகாப்பு இலாகாவிடம் மனுப் போட்டார்கள். டாக்டர்கள் சாட்சி சொன்னார்கள். அந்த இலாகா, கருவி உடைந்தோ பழுதாகியோ இருந்தால்தான் ஆபத்தான கருவி, இது நல்ல கருவிதான் என்று தள்ளிவிட்டது. வழக்கு மேலே போயிற்று. 1975 ஜனவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. கருவி பழுதில்லாமல் இருந்தாலும், அதைப் பயன்படுத்தும் முறையே உடம்பைக் கெடுத்தால் அதுவும் ஆபத்தான கருவிதான் என்பது தீர்ப்பின் சாரம். அதே வருஷம் குட்டையனுக்குத் தடை வந்தது. கலிபோர்னியாவின் விவசாயம் ஒன்றும் அழிந்துவிடவில்லை.

நாஞ்சில் நாட்டுக்கு இதில் பாடம் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ விளையும் பூமியில், நடவும் களை பறிப்பும் நெடுங்காலமாகப் பெண்களின் இடுப்பின் மேல் நடந்து வந்திருக்கின்றன. நின்றபடி தள்ளும் உருளைக் களைக்கருவி இன்று இருக்கிறது. நடந்தபடி விதைக்கும் விதைப்புக் கருவி இருக்கிறது. நடவு இயந்திரமும் அறுப்பு இயந்திரமும் வந்துவிட்டன. இடுப்பு பிழைக்க வழி இருக்கிறது.

ஆனால் இயந்திரம் வரும்போது என்ன நடக்கிறது? இடுப்பு பிழைக்கிறது, கூலிநாள் போகிறது. முதுகு வலியா, பட்டினியா என்று தேர்ந்தெடு என்கிறார்கள். இந்தக் கேள்வியை நாம் ஏற்கக் கூடாது. கருவி தொழிலாளர் குழுவின் கையில் இருக்கட்டும். வாடகையும் கூலியும் அந்தக் குழுவுக்கு வரட்டும். பெண்கள் அதை ஓட்டப் பழகட்டும். இயந்திரத்தை எதிர்ப்பதல்ல நம் கொள்கை. இயந்திரத்தின் பலன் யாருக்கு என்பதே கேள்வி.

சட்டப் புத்தகத்தில் முதுகு

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவு கனத்த பாரத்தை யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்றது. 44ஆவது பிரிவு, நின்று வேலை செய்பவர்கள் இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020ஆம் வருஷத்துத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. உட்கார வசதி என்ற வாசகம் அதிலும் இருக்கிறது. கடைகளில் வேலை செய்வோருக்கும் 2021ல் தமிழகச் சட்டமன்றம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. வாசகம் இருக்கிறது, ஆலைக்குள் பெஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் நாமே.

பாரத்தின் கணக்கையும் பாருங்கள். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967ல் செய்த சிபாரிசு, வளர்ந்த ஆண் ஒருவர் கையால் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்றது. பெண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. இன்று கொள்முதல் நிலையத்து நெல் சிப்பம் 40 கிலோ, சிமென்ட் மூட்டை 50 கிலோ. சட்டப்படி சரி என்று தோன்றும். ஆனால் எத்தனை மூட்டை? ஒருவர் 40 கிலோ சிப்பம் நூறு தூக்கினால் ஒரே நாளில் 4 டன் அவர் முதுகைக் கடந்து போகிறது. மூட்டைக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தக் கூலி, ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அபராதம் போடுகிறது. ஒரு மூட்டையின் எடையை அளப்பவர்கள் ஒரு நாளின் எடையை அளப்பதில்லை.

நஷ்ட ஈட்டின் கதை இன்னும் மோசம். பஞ்சுத் தூசியால் ஆலைத் தொழிலாளிக்கு வரும் நுரையீரல் நோய் நம் நாட்டுத் தொழில் நோய்ப் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது. பாரம் தூக்கியும் குனிந்தும் கெட்டுப்போன முதுகு அதில் இடம் பெறவில்லை. ஒரே நாளில் மூட்டை விழுந்து கால் முறிந்தால் விபத்து. இருபது வருஷம் மூட்டை சுமந்து இடுப்பு முறிந்தால் விதி! இது என்ன நியாயம்?

ஆனாலும் ஆலைத் தொழிலாளர் தெரிந்துகொள்ள வேண்டிய உரிமை ஒன்று உண்டு. இ.எஸ்.ஐ. திட்டத்தில், சந்தா நிபந்தனை பூர்த்தியானவர்களுக்கு நோய்க் காலத்தில் வருஷத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவிகிதம் உதவித்தொகை உண்டு. நீண்ட நாள் நோய்கள் என்று 34 நோய்களின் பட்டியலும் அதில் இருக்கிறது. டிஸ்க் பிதுக்கம் அவற்றில் ஒன்று. அதற்கு 80 சதவிகிதம் வரை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு இரண்டு வருஷம் வரை கூட உதவி பெறலாம். இரண்டு வருஷத் தொடர் வேலையும் 156 நாள் சந்தாவும் தேவை. உங்கள் காண்டிராக்டர் உங்கள் பெயரில் சந்தா கட்டுகிறாரா? இன்றே கேளுங்கள். முந்திரி ஆலைச் சகோதரிகளும் கேளுங்கள்.

வயலில் வேலை செய்பவருக்கு இதுவும் கிடையாது. அவருடைய முதுகு எந்தப் புத்தகத்திலும் பதியப்படவில்லை.

நம் கையில் உள்ள பாதி

சீட்டில் நமக்குரிய பாதியையும் நாம் அலட்சியம் செய்யக் கூடாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2020ல் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியால் அவதிப்பட்டார்கள் என்று அது கணக்குச் சொல்கிறது. நோயைப் பற்றிய அறிவும், முறையான உடற்பயிற்சியும் முதன்மையான வைத்தியம் என்கிறது. இடுப்புப் பெல்ட்டையும், இழுவை வைத்தியத்தையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

வலி கடுமையான நாளில் ஓரிரண்டு நாள் ஓய்வு போதும். வாரக்கணக்கில் கட்டிலில் கிடந்தால் தசை தளர்ந்து வலி நீளும். மெல்ல நடக்கத் தொடங்க வேண்டும். வேலைதான் தினமும் செய்கிறோமே, உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பீர்கள். வேலை ஒரே பக்கம் வளைக்கிறது. பயிற்சி மறுபக்கம் பலப்படுத்துகிறது. நடவில் வரிசை முடியும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து, இடுப்பில் இரண்டு கையும் வைத்துப் பின்னால் ஐந்தாறு தடவை சாயுங்கள். மூட்டையை உடலோடு ஒட்டிப் பிடியுங்கள். குனிந்தபடி திரும்பாதீர்கள், காலை மாற்றி வைத்துத் திரும்புங்கள். கனத்ததை இரண்டு பேராகத் தூக்குங்கள். பீடியை விடுங்கள், புகை டிஸ்குக்குப் போகும் சத்தையும் குறைக்கிறது.

நம் ஜில்லா வர்ம வைத்தியத்துக்கும் எண்ணெய் உழிச்சிலுக்கும் பேர் போனது. நல்ல ஆசான் கைப்பட்டால் தசைப் பிடிப்பு தளர்ந்து சுகம் தெரியும். ஆனால் கால் மரத்துப்போயிருக்கையில் முதுகை முறுக்கி நெட்டி எடுக்க விடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் அன்றாடப் பழக்கமாகக் கூடாது. வெயிலில் வியர்த்து உழைக்கிற உடம்பில், தண்ணீரும் குடிக்காமல் மாத்திரை மட்டும் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மலம் அடங்காமல் போவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, பாதம் தொங்கிப்போவது ஆகியவை கண்டால் அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு நாள் தாமதமும் காலை முடக்கலாம். முதுகு வலியோடு காய்ச்சல், உடல் மெலிவு, ராத்திரி வலி இருந்தால் முதுகெலும்பில் காசநோயோ வேறு நோயோ இருக்கக்கூடும், பரிசோதனை அவசியம். உயரத்திலிருந்து விழுந்த பின் வந்த வலியும் அப்படியே.

மறு பாதிக்கு நாம் கேட்பது

மறு பாதி தானாக வராது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக நின்று எதிர்த்தன. மே தினத்தன்று மசோதா வாபஸ் என்ற அறிவிப்பு வந்தது. முதுகுக்கு நான்கு மணி நேரம் மிச்சமானது எந்த மாத்திரையாலும் அல்ல.

அதே வழியில் கேட்க வேண்டியவை பல. ஒரு மூட்டையின் எடைக்கு மட்டுமல்ல, ஒரு நாளில் ஒருவர் சுமக்கும் மொத்த பாரத்துக்கும் வரம்பு வேண்டும். நடவிலும் சுமையிலும் கூலி குறையாத இடை ஓய்வு வேண்டும். ஆலையில் உட்கார பெஞ்சும், கனத்த சாமான்களுக்குத் தள்ளுவண்டியும் வேண்டும். முதுகு கெட்டவரை வீட்டுக்கு அனுப்பாமல், அதே சம்பளத்தில் இலகுவான வேலைக்கு மாற்ற வேண்டும். பாரத்தாலும் குனிவதாலும் கெட்ட முதுகைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் உடற்பயிற்சி வைத்தியர் இருக்க வேண்டும். வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலையிலும் இருக்க வேண்டும். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபி உண்டு. படுக்கையில் விழுந்த பிறகு தேடி வருவதோடு, விழுவதற்கு முன்பே வயல்வரப்புக்கும் ஆலை வாசலுக்கும் அது வரட்டும்.

இவற்றில் எதுவும் நடக்காத ஆசை அல்ல. ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் உழைப்பாளிகள் சேர்ந்து கேட்டுப் பெற்ற விஷயத்தின் ஜாதிதான்.

அடுத்த தடவை டாக்டர் ‘குனியாதே, பாரம் தூக்காதே’ என்று எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டை மடித்துப் பெட்டியில் வைக்காதீர்கள். யூனியன் ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். பத்துப் பேர் சீட்டு சேர்ந்தால் அது ஒரு மனு. நூறு பேர் சீட்டு சேர்ந்தால் அது ஒரு கோரிக்கை. நிமிர்ந்து நின்று கேட்க வேண்டிய கோரிக்கை.